எந்த வரிசை உடைந்தது, சார்?

மயில்துத்தப் (காப்பர் சல்பேட்) புட்டியை மேசையின் நடுவில் வைத்துவிட்டுத்தான் பேச ஆரம்பித்தேன். அந்தப் பள்ளியின் வேதியியல் ஆசிரியை ஆய்வகத்திலிருந்து எடுத்துத் தந்தது. போன வருடம் மாணவர்களே வளர்த்த படிகங்கள். பெரும்பாலானவை விரல் நகம் அளவு, ஒன்றிரண்டு புளியங்கொட்டையைவிடப் பெரியவை. அரசு மேல்நிலைப் பள்ளி, சனிக்கிழமை காலை, பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கிற நாற்பது பேர். கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுக்கிறவன் என்பதால் வருடத்துக்கு இரண்டு மூன்று முறை இப்படி யாராவது கூப்பிடுவார்கள். கருந்துளை, பெருவெடிப்பு என்று பேசினால் கைதட்டல் நிச்சயம். எனக்குக் கொஞ்சம் திமிர். யாரும் தொடாத தலைப்பில் பேச வேண்டும் என்று, ஆய்வு மாணவனாக இருந்தபோது ஆறு வருடம் மாரடித்த விஷயத்தையே எடுத்துக்கொண்டேன்: ஒற்றைச் சரமாகக் கோத்த குவாண்டம் ஸ்பின்களில், அதாவது அணு அளவுக் குட்டிக் காந்தங்களில், மிகக் குறைந்த ஆற்றலில் என்ன விதமான காந்தக் கிளர்ச்சிகள் எழும்? கிளர்ச்சி என்ற சொல்லைக் கேட்டதும் பின் பெஞ்சில் ஒரு சிரிப்பு. நாளிதழ் படிக்கிற பிள்ளைகள்போல. பாடநூல் தமிழ் சில சமயம் இப்படி நம்மை மாட்டிவிடும். அமைதியாக இருக்கும் ஸ்பின்களைக் கொஞ்சம் ஆற்றல் கொடுத்துக் கலைத்தால் எழும் அசைவுதான் இங்கே கிளர்ச்சி.

புட்டி வெறும் அலங்காரத்துக்காக அல்ல. அந்த நீலப் படிகத்துக்குள் செம்பு அயனி ஒவ்வொன்றிலும் ஜோடி சேராத ஓர் எலக்ட்ரான் இருக்கிறது. அதனால் அயனி ஒவ்வொன்றும் ஸ்பின் 1/2 கொண்ட ஒரு குட்டிக் காந்தம். படிகத்தில் உள்ள செம்பு அயனிகளில் பாதி, ஒரே திசையில் சங்கிலி சங்கிலியாகப் பக்கத்து அயனியோடு உறவு வைத்திருக்கின்றன. மீதிப் பாதி கிட்டத்தட்டத் தனித்தே நிற்கின்றன. சங்கிலியில் இருப்பவற்றுக்கு ஒரே ஒரு ஆசைதான்: பக்கத்தில் இருப்பவனுக்கு எதிர்த்திசையில் திரும்பி நிற்பது. எதிர் ஃபெர்ரோ காந்தம் என்று பாடத்தில் வருவது இதுதான். வளர்ப்பதற்குக் கரண்டியும் நூலும் வெந்நீரும் போதும் என்கிற இந்தப் பொருளைத்தான், 2013இல் வெளியான, நியூட்ரான்களை மோதவிட்டு ஸ்பின்களை ஆராய்ந்த ஒரு முக்கியமான சோதனை எடுத்துக்கொண்டது. இதைச் சொன்னதும் முன்வரிசையில் இருந்த பையன் புட்டியைக் கொஞ்சம் மரியாதையோடு பார்த்தான். அந்த மரியாதையில் மயங்கித்தான் அடுத்த தவறைச் செய்தேன்.

கரும்பலகையில் அம்புக்குறிகள் வரைந்தேன். மேல், கீழ், மேல், கீழ், மேல், கீழ். இதில் ஒன்றை மட்டும் திருப்பிப்போட்டால் மூன்று அம்புகள் ஒரே பக்கம் பார்க்கும். அதன் இரு புறமும் இரண்டு இடங்களில் ஒழுங்கு கெட்டுப் போகும். இப்போது பக்கத்துப் பக்கத்து அம்புகளை இடம் மாற்றிக்கொள்ள விட்டால், அந்த இரண்டு கெட்ட இடங்களும் ஒன்றைவிட்டு ஒன்று விலகி ஓடும். விலகுவதற்குக் கூடுதல் செலவு கிடையாது. ஓர் அம்பைத் திருப்பியதால் மொத்த ஸ்பின் 1 அளவு மாறியது. அந்த 1ஐ இரண்டு கெட்ட இடங்களும் பங்கு போட்டுக்கொண்டன. ஆகவே ஒவ்வொன்றின் ஸ்பினும் 1/2. எலக்ட்ரான் உடையவில்லை, ஆனால் ஒரு திருப்பல் இரண்டாக உடைந்துவிட்டது. இந்தப் பாதிகளுக்கு ஸ்பினான் என்று பெயர். சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கைகளைத் தட்டிக்கொண்டேன். பதினைந்து வருடமாக எம்.எஸ்ஸி. வகுப்பில் நான் காட்டிவரும் வித்தை இது. என் நெறியாளர் பலகையில் காட்டி நான் வாய்பிளந்தது. ஒருமுறைகூடப் பிசகியதில்லை.

அப்போது மூன்றாவது வரிசையில் ஒரு பெண் எழுந்தாள். "சார், மேல் கீழ் என்ற வரிசையே இந்தச் சங்கிலியில் நிலைக்காது என்று கொஞ்ச நேரத்துக்கு முன்னால்தானே சொன்னீர்கள்? அப்படியென்றால் எந்த வரிசை உடைந்தது?"

நான் அப்படிச் சொல்லியிருந்தேன். பத்து நிமிடம் முன்பு, வேறொரு வாக்கியத்தின் வாலில், அறிஞன் என்று காட்டிக்கொள்வதற்காக. "அது ஒரு படம்தானம்மா, புரிவதற்காக" என்றேன். "சரி சார்" என்று உட்கார்ந்துவிட்டாள். அந்தச் "சரி"யை எனக்குத் தெரியும். துறைத்தலைவர்கள் தரும் விளக்கங்களுக்கு நான் சொல்லிவந்த அதே "சரி".

அம்புகள் ஏன் பொய்

அவள் பிடித்த இடம் சரியானது. சாதாரண முப்பரிமாண எதிர் ஃபெர்ரோ காந்தத்தில் மேல்–கீழ் வரிசை உண்மையிலேயே இருக்கிறது; மாங்கனீசு ஆக்சைடில் அந்த வரிசையை நியூட்ரான்களை வைத்து ஷல்லும் ஸ்மார்ட்டும் 1949இலேயே காட்டிவிட்டார்கள். ஒற்றைச் சங்கிலி வேறு சாதி. அங்கே ஒவ்வொரு ஸ்பினுக்கும் பக்கத்துவீட்டுக்காரர்கள் இரண்டே பேர். குவாண்டம் விதிப்படி, அடுத்தடுத்து நிற்கும் மேலும் கீழும் ஓயாமல் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும். நாலா பக்கமும் அண்டை அயலார் இருந்தால் அந்த அலைக்கழிப்பைத் தாங்கிக்கொண்டு வரிசை தப்பிக்கலாம். இரண்டே பேர் என்றால் தாங்காது. வெப்பத்தால் கலைவதல்ல இது. தனிச்சுழி வெப்பநிலைக்கே கொண்டுபோனாலும் சங்கிலியில் "இவன் மேல், அவன் கீழ்" என்று யாரையும் சுட்ட முடியாது. எந்த ஸ்பினை அளந்தாலும் பாதிக்குப் பாதி.

ஆக, என் வித்தையில் சுவர் உடைந்து விலகியதாகக் காட்டினேன். ஆனால் அந்தச் சுவர் கட்டப்படவே இல்லை. இல்லாத வரிசையில் விழுந்த விரிசலுக்கு அரை ஸ்பின் என்று கணக்கும் கொடுத்துவிட்டேன். விடை மட்டும் சரி. தேர்வுத் தாளில் இப்படி எழுதியிருந்தால் நானே பாதி மதிப்பெண்ணைக் குறைத்திருப்பேன்.

வீடு திரும்ப ஒன்றரை மணி நேர பஸ் பயணம். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் வெளியே பார்க்க மனம் வரவில்லை. இந்தச் சங்கிலியின் உண்மையான அடிநிலையை, அதாவது மிகக் குறைந்த ஆற்றல் கொண்ட நிலையை, இயற்பியலாளர் ஹான்ஸ் பெத்தே 1931இல் ரோமாபுரியில், ஃபெர்மியின் கூட்டத்தோடு இருந்த மாதங்களில் தேடிப்போனார். அலைகளை ஒன்றோடு ஒன்று மோதவிட்டு, எந்தச் சிக்கலான மோதலையும் இரண்டிரண்டு பேர் மோதலாகப் பிரித்துவிடலாம் என்று அவர் ஊகித்த வழிமுறைக்கு இன்று அவர் பெயர்தான். அடுத்த கட்டுரையில் இதை முப்பரிமாணப் படிகங்களுக்கு நீட்டுகிறேன் என்று முடிவில் வாக்குக் கொடுத்தார். அந்த அடுத்த கட்டுரை வரவே இல்லை. அந்த வழி ஒற்றைச் சங்கிலியைத் தாண்டிப் போகாது. (வாக்குக் கொடுத்துவிட்டுச் சூரியன் எப்படி எரிகிறது என்று கண்டுபிடிக்கப் போய்விட்டார், நோபலும் அதற்குத்தான். மன்னிக்கலாம்.) பெத்தேயின் வழியில் ஹுல்தேன் 1938இல் அடிநிலை ஆற்றலைக் கணக்கிட்டார். ஸ்பின் ஒன்றுக்கு, பக்கத்து ஸ்பின்களுக்கு இடையிலான பிணைப்பு வலுவின் அலகில், 1/4இலிருந்து இரண்டின் இயல் மடக்கையைக் கழித்தால் வருவது. அதாவது −0.443.

இந்த எண் எனக்கு மனப்பாடம். மனப்பாடம் என்பதாலேயே அதை ஒருபோதும் பக்கத்தில் வைத்துப் பார்த்ததில்லை. டிக்கெட்டின் பின்புறத்தில் எழுதினேன். மேல்–கீழ் அம்புகளை அப்படியே உறையவைத்தால் ஸ்பின் ஒன்றுக்கு −0.25. சரி, அம்புகளை விட்டுவிடுவோம். இரண்டிரண்டு பேராக ஜோடி சேர்த்தால்? ஒரு ஜோடிக்குள் இருவரும் முழுமையாக எதிரெதிர். மேல்–கீழ் திசையில் மட்டுமல்ல, இடம்–வலம், முன்–பின் என்று எந்தத் திசையில் அளந்தாலும் எதிரெதிர். அம்புப் படம் மூன்று திசைகளில் ஒன்றை மட்டும்தான் சம்பாதிக்கிறது. ஜோடி மூன்றையும் சம்பாதிக்கிறது. ஆகவே ஜோடி ஒன்றுக்கு −0.75. ஜோடிக்கும் அடுத்த ஜோடிக்கும் நடுவில் உறவே இல்லை, அங்கே பூஜ்யம். இரண்டு பேருக்கு −0.75 என்றால் ஆளுக்கு −0.375.

−0.25, −0.375, −0.443. டிக்கெட்டில் ஒன்றன்கீழ் ஒன்றாக இருந்தன. உண்மையான ஆற்றலில் அம்புப் படம் எட்டுவது 56 சதவீதம். ஜோடிப் படம் 85 சதவீதம். இரண்டு கூட்டல், ஒரு வகுத்தல். பதினைந்து வருடத்தில் ஒருநாள்கூட இதைச் செய்து பார்க்கத் தோன்றவில்லை. ஜோடிப் படம் எனக்குத் தெரியாததும் அல்ல. ஆய்வுக் காலத்தில் அதைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதியிருக்கிறேன். ஆனால் அது "வேறொரு மாதிரி"யின் பெட்டியில் இருந்தது, அம்புகள் "விளக்கம்" என்ற பெட்டியில் இருந்தன. பெட்டிகள் சந்தித்துக்கொள்ளவில்லை. பஸ் ஒரு பாலத்தில் ஏறி இறங்கியபோது பேனா இழுத்துக்கொண்டு போய் −0.375இன் மேலே ஒரு கோடு விழுந்தது. அந்த டிக்கெட்டின் எழுத்து இப்போது மங்கிவிட்டது. பேனாவில் எழுதியது மட்டும் இருக்கிறது.

ஒரு கை போதும்

இரண்டு வாரம் கழித்து, நானே கேட்டுக்கொண்டு அந்தப் பள்ளிக்கு மறுபடி போனேன். தலைமையாசிரியருக்கு ஆச்சரியம், பேச வருகிறவர்கள் சான்றிதழும் சால்வையும் வாங்கியபின் திரும்பி வருவதில்லையாம். இந்த முறை பலகை வேண்டாம், மைதானம் போதும் என்றேன். பிள்ளைகளை ஒரே வரிசையில் நிற்கச் சொல்லி விதி சொன்னேன்: ஆளுக்கு ஒரு கைதான் உண்டு. இன்னொரு கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ள வேண்டும். இருக்கிற ஒரு கையால் இடப்பக்கத்தவரையோ வலப்பக்கத்தவரையோ பிடிக்கலாம். கோலாட்டத்தில் ஒரு தட்டு இந்தப் பக்கம், அடுத்த தட்டு அந்தப் பக்கம் என்று மாறுவதுபோல மாற்றிக்கொள்ளலாம்.

ஒருவனை வெளியே நிறுத்திவிட்டு, மற்ற எல்லோரும் ஜோடி சேர்ந்தார்கள். நான் நியூட்ரான். நடுவில் ஒரு ஜோடியின் கைகளைத் தட்டிப் பிரித்தேன். இப்போது பிடி இல்லாத இரண்டு பேர். அவர்களில் வலப்பக்கம் நின்ற பையன் தன் வலப்பக்கத்துப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டான். அவளோடு முன்பு ஜோடியாக இருந்தவள் தனியானாள். அவள் அடுத்தவனைப் பிடிக்க, அவனுடைய ஜோடி தனியானான். யாரும் நின்ற இடத்திலிருந்து நகரவில்லை. தனிமை மட்டும் இரண்டிரண்டு அடியாக நகர்ந்துகொண்டே போனது. இடப்பக்கத்திலும் அப்படியே. கடைசியில் வரிசையின் இரு கோடிகளிலும் ஆளுக்கு ஒருவர் கையை நீட்டியபடி நின்றார்கள். ஜோடியாக இருப்பவர்களின் மொத்த ஸ்பின் பூஜ்யம். தனியாக நிற்பவரின் ஸ்பின் 1/2. மேலும் இல்லை, கீழும் இல்லை, அம்பே இல்லை. நியூட்ரான் ஒரு தட்டில் உருவாக்கும் மாற்றம் 1. அது இரண்டு அரைகளாகத்தான் கிடைக்கும். ஓர் அரையை மட்டும் உருவாக்க எந்த நியூட்ரானாலும் முடியாது.

அந்தப் பெண் ஒன்றும் கேட்கவில்லை. விளையாட்டில் மும்முரமாக இருந்தாள். இந்த முறை கேள்வி எனக்கே வந்தது, அதுவும் மைதானத்தின் நடுவில். கையைத் தட்டிப் பிரிக்க வலு வேண்டுமே? அப்படியென்றால் எந்தச் சின்னக் கிளர்ச்சிக்கும் குறைந்தபட்சம் அவ்வளவு ஆற்றல் வேண்டும். உண்மைச் சங்கிலியிலோ எவ்வளவு சிறிய ஆற்றலுக்கும் ஸ்பினான்கள் எழுகின்றன. ஆற்றல் இடைவெளியே கிடையாது. என் தலைப்பே அதுதான். ஆக, ஜோடிப் படமும் பொய் சொல்கிறது, வேறு இடத்தில்.

கெட்டியாகக் கைகோத்த ஜோடிகளே அடிநிலையாக அமையும் சங்கிலியும் உண்டு. பக்கத்து ஆளோடு மட்டுமல்லாமல், அதில் சரிபாதி வலுவுடன் அடுத்த ஆளோடும் பிணக்கு வைத்தால் போதும். 1969இல் பம்பாயில் டாட்டா ஆய்வு நிறுவனத்தில் மஜும்தாரும் கோஷும் கண்டது. அந்தச் சங்கிலியில் தனித்து நிற்பவர் எப்படி உலவுகிறார், எவ்வளவு ஆற்றல் தேவை என்பதை 1981இல் ஸ்ரீராம் சாஸ்திரியும் சதர்லாந்தும் கணக்கிட்டார்கள். அங்கே இடைவெளி உண்டு. மயில்துத்தச் சங்கிலியில் கைகள் அவ்வளவு கெட்டியானவை அல்ல. அங்கே ஒவ்வொருவரும் பக்கத்தவரையும் பிடித்திருக்கிறார்கள், மூன்றாவது ஆளையும், தூரத்தில் ஒன்பதாவது ஆளையும், எல்லாவற்றையும் ஒரே சமயத்தில், ஒவ்வொன்றையும் கொஞ்சம் கொஞ்சம். தூரத்துப் பிடி தளர்ந்த பிடி. அதை அவிழ்க்கத் தேவைப்படும் ஆற்றலைச் சங்கிலியின் நீளத்துக்கேற்ப எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொண்டே போகலாம். ஜோடிகள் இப்படி ஊசலாடிக்கொண்டே இருக்கும் நிலையை இயற்பியலாளர் ஃபிலிப் ஆண்டர்சன் 1973இல் இருபரிமாண வலைகளுக்குச் சொன்னார்; 1987இல், உயர்வெப்ப மீக்கடத்திகள் வந்த புதிதில், அதே எண்ணத்தை அவரோடு சேர்ந்து வளர்த்தவர்களில் ஒருவர், பின்னாளில் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தில் பணியாற்றிய ஜி. பாஸ்கரன். தரமணிப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அந்தக் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டு போகிறவன் நான். என் மாணவர்களிடம் இதைச் சொன்னதில்லை. இப்போது சொல்கிறேன்.

தூரத்துப் பிடியை மைதானத்தில் எப்படிக் காட்டுவது? முயன்றோம். பிள்ளைகள் ஒருவர் மேல் ஒருவர் விழுந்தார்கள். உடற்கல்வி ஆசிரியர் முறைத்தார்.

ஐம்பது வருட ஏமாற்றம்

அம்புப் படத்தில் ஏமாந்தவன் நான் மட்டுமல்ல என்பது ஒரு வகையில் ஆறுதல், இன்னொரு வகையில் கவலை. பெத்தேக்குப் பின் 1962இல் டி குளோஸோவும் பியர்சனும் இந்தச் சங்கிலியின் கிளர்ச்சிகளை அணுகினார்கள். கிளர்ச்சியை அம்பு வரிசையில் ஓடும் சிற்றலையாகப் பார்க்கும் வழக்கமான ஸ்பின் அலைக் கோட்பாடு சொல்வதைவிடச் சரியாக π/2 மடங்கு, அதாவது சுமார் 57 சதவீதம் கூடுதலான ஆற்றல் வந்தது. வடிவம் மட்டும் அதே சைன் வளைவு. கிளர்ச்சியின் ஸ்பின் 1 என்று எடுத்துக்கொண்டார்கள். 1974இல் எண்டோவும் ஷிரானேயும் குழுவினரும் ஒரு செம்புச் சேர்மத்தில் நியூட்ரான்களைக் கொண்டு அளந்தபோது அந்த π/2 அப்படியே கிடைத்தது. எல்லோருக்கும் திருப்தி. எண் பொருந்திவிட்டால் படத்தை யார் சந்தேகிப்பார்கள்?

1981இல் லெனின்கிராடிலிருந்து ஃபதேயேவும் தக்தஜானும் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார்கள். தலைப்பு ஒரு கேள்வி: ஸ்பின் அலையின் ஸ்பின் என்ன? விடை: 1/2. ஐம்பது வருடம் பழைய மாதிரி, முழுமையாகத் தீர்க்கப்பட்டது என்று புத்தகத்தில் போட்டாகிவிட்ட மாதிரி. அதன் கிளர்ச்சியின் மிக அடிப்படையான குணத்தை அதுவரை தவறாக எண்ணியிருந்தார்கள். இரட்டைப்படை எண்ணிக்கையில் ஸ்பின்கள் உள்ள சங்கிலியில் இந்த அரைகள் எப்போதும் ஜோடியாகவே பிறக்கும் என்பதால் வெளியிலிருந்து பார்ப்பவருக்கு 1 போலவே தெரிந்தது. அந்தத் தலைப்பைப் படிக்கும்போதெல்லாம் மூன்றாவது வரிசைப் பெண்ணின் குரல்தான் இப்போது கேட்கிறது.

ஒன்றா இரண்டா என்பதை நியூட்ரான் எப்படிக் காட்டிக்கொடுக்கும்? ஒருவரிடம் நூறு ரூபாய் கொடுத்தால் அவரிடம் எவ்வளவு இருக்கிறது என்பதில் சந்தேகமில்லை. இருவரிடம் கொடுத்துப் பிரித்துக்கொள்ளச் சொன்னால் எத்தனையோ விதமாகப் பிரிப்பார்கள். நியூட்ரான் தரும் உந்தத்தை ஒற்றைக் கிளர்ச்சி வாங்கிக்கொண்டால் அதற்கு ஓர் ஆற்றல், வரைபடத்தில் ஒரு மெல்லிய கோடு. இரண்டு ஸ்பினான்கள் பங்கிட்டால் ஒவ்வொரு பங்கீட்டுக்கும் ஓர் ஆற்றல். கோடு அகன்று பட்டையாகிவிடும். 1974இல் பார்த்தது அந்தப் பட்டையின் கீழ்விளிம்பு. அங்கேதான் செறிவு அதிகம், அதனால் கோடுபோலத் தோன்றியது. 1993இல் இங்கிலாந்தின் ரூதர்ஃபோர்டு ஆய்வகத்தில் டென்னன்ட் குழுவினர் பொட்டாசியம் செம்பு ஃப்ளோரைடில் பட்டையை விரிவாகக் காட்டினார்கள்.

மயில்துத்தத்தின் முறை 2013இல். பிரான்ஸின் கிரனோபில் நகரில் உள்ள நியூட்ரான் ஆய்வு நிலையத்தில், மூரிகால் குழுவினர். நீருக்குப் பதில் கனநீரில் வளர்த்த படிகம்; சாதாரண ஹைட்ரஜன் நியூட்ரான்களைத் தாறுமாறாகச் சிதறடித்துக் காரியத்தைக் கெடுக்கும். இந்தப் படிகத்தில் பிணைப்பு வலு மிகச் சிறியது, வெப்பநிலையாகச் சொன்னால் சுமார் 3 கெல்வின். ஆகவே ஒரு கெல்வினுக்கும் வெகு கீழே குளிர்விக்க வேண்டும். பலவீனமே இங்கே வசதி: ஆய்வகத்தில் கிடைக்கும் காந்தப்புலமே எல்லா ஸ்பின்களையும் ஒரே பக்கம் திருப்பிவிடப் போதும். அப்படித் திருப்பியபின் கிளர்ச்சி பழைய காலத்து மேக்னான், அதாவது உடையாத ஸ்பின் 1 அலை, துல்லியமான ஒற்றைக் கோடு, கோட்பாட்டில் எந்தச் சந்தேகமும் இல்லாதது. அதை அளவுகோலாக வைத்துக்கொண்டு, புலத்தை அணைத்துவிட்டு, பட்டையின் மொத்தச் செறிவை அளந்தார்கள். இரண்டு ஸ்பினான்கள் மட்டும் என்றால் கோட்பாட்டின்படி இருக்க வேண்டிய மொத்தச் செறிவில் 71 சதவீதம்தான் கிடைத்திருக்க வேண்டும். அளவில் வந்தது 99, பிழை எல்லை 8. ஆக, சில தட்டல்களில் இரண்டுக்கு மேல் பிறக்கின்றன, நான்கு, இன்னும் மேல். தூரத்துப் பிடிகள் தளர்வானவை என்றேனே, ஒரு தட்டில் இரண்டு பிடிகள் அவிழ்ந்துவிடுவதும் உண்டு.

இரண்டு கை

கிரனோபில் என்றதும் இன்னொரு கதை. அதே நகரில், அதே ஆய்வு நிலையத்தில், 1981இல் ஹால்டேன் என்ற இளைஞர் விசித்திரமாக ஒன்று சொன்னார். ஸ்பின் 1/2, 3/2 என்று அரையில் முடிந்தால் சங்கிலிக்கு ஆற்றல் இடைவெளி கிடையாது. 1, 2 என்று முழு எண்ணாக இருந்தால் உண்டு. ஸ்பின் பெரிதாகப் பெரிதாகக் குவாண்டம் விளைவு மங்கும் என்பதுதான் எல்லோரும் அறிந்த பாடம். ஒற்றை இரட்டை பார்த்து மாறும் என்றால் சோதிடம் போல இருந்தது. இதழ்கள் திருப்பி அனுப்பின. வேறு வடிவில் 1983இல்தான் அச்சேறியது. 2016இல் நோபல் பரிசு பெற்ற வருடம், அச்சேறாத அந்தப் பழைய கையெழுத்துப் படியை எடுத்து இணையத்தில் எல்லோரும் படிக்கப் போட்டார்.

மைதானத்தில் இதற்கு ஐந்து நிமிடம்தான் ஆனது. ஸ்பின் 1 என்றால் முதுகுக்குப் பின்னால் கட்டிய கையை அவிழ்த்துவிடு. இப்போது ஆளுக்கு இரண்டு கை. ஒன்று இடப்பக்கம், ஒன்று வலப்பக்கம். வரிசை முழுக்கக் கெட்டியாகக் கோத்துக்கொண்டது; எங்கேயும் தேர்வு இல்லை, ஊசலாட்டம் இல்லை. எந்தப் பிடியை அவிழ்க்கவும் வலு வேண்டும். இது அஃப்லெக்கும் கென்னடியும் லீபும் தசாகியும் 1987இல் எழுதிய மாதிரி. உண்மையான ஸ்பின் 1 சங்கிலி இந்த அளவுக்குக் கச்சிதம் இல்லை என்றாலும் இதன் உறவினர்தான், இடைவெளி பிணைப்பு வலுவில் 0.41 மடங்கு. ஒரு பையன் தானாகவே கவனித்தான்: வரிசையின் முதல் ஆளுக்கும் கடைசி ஆளுக்கும் ஆளுக்கு ஒரு கை சும்மா இருக்கிறதே? இருக்கிறது. முழு ஸ்பின்களால் ஆன சங்கிலியின் முனையில் அரை ஸ்பின். நிக்கல் சங்கிலி ஒன்றில் இடையிடையே செம்பைக் கலந்து சங்கிலியை வெட்டி, அந்தச் சும்மா இருக்கும் கையை 1990இல் ஹகிவாரா குழுவினர் கண்டார்கள். ஆறு வருடத்தில் நான் கற்ற இந்த விஷயத்தை அவன் வெயிலில் நின்றபடி இரண்டு நிமிடத்தில் பார்த்துவிட்டான். பெருமையும் எரிச்சலும் சமமாக இருந்தன.

அம்புகளை நான் இப்போதும் வரைகிறேன். வேறு எங்கே தொடங்குவது? வரைந்தபின் எம்.எஸ்ஸி. மாணவர்களிடமே கேட்கிறேன், எந்த வரிசை உடைந்தது என்று. இந்த வருடம் பதினெட்டு பேரில் ஒருவரும் உடனே பதில் சொல்லவில்லை. டிக்கெட் கணக்கைப் பலகையில் போட்டபின் சண்டை ஆரம்பித்தது.

அன்று மைதானத்தில் மணி அடிக்கப் பத்து நிமிடம் இருக்கும்போது, மூன்றாவது வரிசைப் பெண்ணே அருகில் வந்து, "சார், வட்டமாக நின்றால்?" என்றாள். அன்று வந்திருந்தவர்கள் 41 பேர். ஒற்றைப்படை. யாரையும் தட்ட வேண்டியதில்லை. எப்படி ஜோடி சேர்ந்தாலும் ஒருவர் மிஞ்சுவார். மறுபடி ஒரு கையைக் கட்டிக்கொண்டு வட்டமாக நின்றார்கள். மிஞ்சியவன் வலப்பக்கத்தவளைப் பிடிக்க, மூன்றாவது ஆள் மிஞ்ச, ஐந்தாவது, ஏழாவது என்று தனிமை சுற்றிவந்தது. முதல் சுற்றில் ஒற்றைப்படை இடங்களில் மட்டும் நின்றது. நாற்பத்தோராவது ஆள் முதல் ஆளைப் பிடித்ததும் இரண்டாவது ஆள் மிஞ்சினாள். அடுத்த சுற்று முழுக்க இரட்டைப்படை. இரண்டு சுற்றில் எல்லோரும் ஒருமுறை தனியாக நின்றுவிட்டு, ஆரம்பித்தவனிடமே வந்து சேர்ந்தது. நிறுத்தச் சொல்லியும் நிறுத்தவில்லை. மணி அடித்தபின் உடற்கல்வி ஆசிரியர் விசிலோடு வந்து, "ஜோடி சேராமல் நிற்பது யார்?" என்று அதட்டினார். நாலைந்து கைகள் நாலைந்து பேரைக் காட்டின.